மூன்று நாள் மொறுமொறுப்பு

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லக்கூடாது. சொல்லியே ஆகவேண்டுமென்றால், தின்னும் பண்டத்தை வைத்துச் சொல்லக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது என் வருங்கால மாமனாரின் முன்னால்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. நண்பனின் கலியாணத்துக்காக இத்தாலியின் பலேர்மோவுக்குப் போயிருந்தேன். அந்த நகரத்தின் பேர்போன இனிப்புக் கடைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு அலைந்ததில், கலியாண வீட்டில் நின்ற நேரம் குறைவு. திரும்பியதும், ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில், நான் விரும்பிய நிரோஜாவின் அப்பாவைச் சந்திக்க வேண்டும். அவர் ஓம் என்றால்தான் கலியாணப் பேச்சே தொடங்கும். அவர்களுக்கென்று ஒரு பெட்டி கனோலி வாங்கினேன். பொரித்த குழலுக்குள் இனிப்புப் பாலாடைக்கட்டி நிரப்பிய பண்டம் அது. வழியில் விமானம் மாற ஆறு மணித்தியாலம் காத்திருந்தேன். (பெட்டியில் பன்னிரண்டு இருந்தன. அதற்குமேல் கேட்காதீர்கள்.)

ஆகவே ஞாயிறு காலை, ரொறன்ரோவிலேயே ஒரு இத்தாலியப் பேக்கரியில் இன்னொரு பெட்டி வாங்கினேன். பலேர்மோவிலும் சரி, இங்கேயும் சரி, ஆள் வந்து கேட்ட பிறகுதான் குழலை நிரப்பிக் கொடுத்தார்கள். ஏன் என்று யோசிக்கிற மூளை எனக்கு இருக்கவில்லை. பெட்டியிலிருந்த கடைப் பெயரைச் சுரண்டிவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஏறினேன்.

நிரோஜாவின் அப்பா, அதாவது அங்கிள், அதிகம் பேசாதவர். அந்த அமைதியை நிரப்புவது என் கடமை என்று நினைத்து, எந்தக் கடையில் எது திறம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கனோலியை எடுத்தார்.

"இது எப்ப நிரப்பினது, தம்பி?"

"வியாழக்கிழமை, அங்கிள். பலேர்மோவிலை."

அவர் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

"நான் கனடாவுக்கு வரமுதல் ஏழு வரியம் பலேர்மோவிலை ஒரு பேக்கரியிலை இதைத்தான் நிரப்பினனான். ரெண்டு மணித்தியாலத்திலை நமுத்துப்போம். மூண்டு நாள் மொறுமொறுப்பா நிண்டதை இண்டைக்குத்தான் காணுறன்."

குசினி வாசலில் நின்ற நிரோஜா தலையில் கைவைத்தாள். "அப்பா அங்கை இருந்தவர் எண்டு ரெண்டு தரம் சொன்னனான். நீங்கள் போனைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

கலியாணம் கைநழுவிப் போய்விட்டதென்று நினைத்து, உள்ளதைச் சொல்லத் தொடங்கினேன்.

"வாங்கினது உண்மை, அங்கிள். எயார்போட்டிலை நானே திண்டிட்டன்."

"எத்தினை?"

"பன்ரண்டு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இவருக்குப் பொய் சொல்ல வராது. பயப்பிடாமல் செய்யலாம்."

கலியாணம் நடந்தது. எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயர் அன்றிலிருந்து மொறுமொறுப்பு. போன கிழமை பிந்தி வந்து, 401இல் நெரிசல் என்றேன். எட்டு வயது மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "அப்பா, சோ மொறுமொறு" என்றாள்.

அன்றைக்கு உண்மையிலேயே நெரிசல்தான்.