பாலோ ஸ்டேஷனில் ஒரு முழுத்தொண்டை

அந்நாளில் மலாயாவின் ஜொகூரில் ஓடிய எந்த எஞ்சினுக்கும் எங்கள் டோபியைவிட உரத்த ஊதல் இருந்ததில்லை. பாலோ ஸ்டேஷன் மாஸ்டராக, இரண்டையும் பக்கத்தில் நின்று கேட்டவன் சொல்கிறேன்.

தோட்டத்துத் துரைமாருக்குத் துணி வெளுத்தார். ஒண்டிக்கட்டை. ரயில் சத்தம் கேட்டதும் ஈரக்கையோடு ஓடிவருவார். வழியனுப்ப ஆளில்லாத முகம் ஒன்று ஜன்னலில் தெரிந்தால் போதும்.

"போய்ட்டு வாங்கண்ணே! ஒடம்பப் பாத்துக்குங்க! போனதும் காயிதம் போடுங்க!"

ஒருமுறை ஒரு சீனர் பயந்து மறுபக்கம் இறங்கிவிட்டார். ஒரு மலாய்ப் பெரியவர், யாரோ உறவென்று எண்ணி வாழைப்பழச் சீப்பையே நீட்டிவிட்டுப் போனார். டோபி எனக்குப் பாதி கொடுத்தார். பணியில் இருக்கும்போது பொதுமக்களிடம் எதுவும் வாங்கக் கூடாது; வாங்கவில்லை. நல்ல வாசனை.

பிளாட்பாரத்தில் கூச்சலிடக் கூடாது என்ற விதியையும் எடுத்துச் சொன்னேன்.

"இது கூச்சல் இல்லீங்க மாஸ்டர், மரியாத."

ஆய்வுக்கு வந்த வெள்ளைக்காரர் அந்த மரியாதையைக் கேட்டுச் சிரித்து, "ஃபுல்-த்ரோட்டட்!" என்றார்.

"தொர என்னங்க திட்டுறாரு?"

"திட்டலய்யா. தொண்டையில மிச்சம் வைக்காம, முழு மனசோட குரல் குடுத்தா அப்படிச் சொல்வாங்க. பாடுற பறவைக்கும் சொல்வாங்க. வெறும் சத்தத்துக்குச் சொல்ல மாட்டாங்க."

டோபி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஒங்கள யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்களே, மாஸ்டர்!"

ரப்பர் விலை விழுந்தது. துரைமார் போனார்கள், வெளுக்கத் துணியும் இல்லாமல் போயிற்று. தோட்டத்து ஆட்களை ரயில் ரயிலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அத்தனை பேருக்கும் கத்தியவரின் முறையும் ஒருநாள் வந்தது.

"கப்பலேறி வரப்பவும் என்னைய அனுப்ப யாரும் வரல, மாஸ்டர். நாளைக்கு இங்க யாருங்க இருக்கா?"

"நான் கொடி காட்டுவேனே."

"அது எல்லா ரயிலுக்கும் காட்டுறதுதானங்க."

மறுநாள் பிளாட்பாரத்தில் ரப்பர் மரங்களின் நிழலும் நானும்தான். பச்சைக் கொடியைக் காட்டினேன். ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டி ஜன்னலில் அவர் தலை. உள்ளே இழுத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ட்டு வாங்க, டோபி அண்ணே! ஒடம்பப் பாத்துக்குங்க! போனதும் காயிதம் போடுங்க!"

ஈரத்துணியை உதறுவதுபோல் அவர் கையை உதறி உதறி ஆட்டினார், வளைவில் ரயில் மறையும்வரை.

கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அது சீக்கிரம் சரியாகிவிடக் கூடாதே என்றிருந்தது.