வகுபடாத 314187

மனித அறிவு மூடநம்பிக்கையை வீழ்த்திய அந்த மாபெரும் போர் பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம் நடந்தது. வருடம் 1988. போர்க்களம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சாப்பாட்டு மேசை. வீராங்கனை தபீதாள், பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு, வேலை இல்லை.

எதிரி, அண்ணன் தயாளன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்; மற்ற ஆறு நாளும் நியூமராலஜி. எந்த எண்ணைக் கண்டாலும் இலக்கங்களைக் கூட்டிப் பலன் பார்ப்பது அவனுடைய 'ஆராய்ச்சி'. அன்று புது சீசன் டிக்கெட்டோடு வந்தான்.

"314187! கூட்டினா இருபத்துநாலு. அதையும் கூட்டினா ஆறு. சுக்கிரன்டி தபீ! நீயும் ஒருதரம் கூட்டித்தான் பாரேன்."

"நான் கூட்ட மாட்டேன். படிச்சவங்க வகுப்பாங்க."

வகுத்தாள். ஏழுக்குக் கீழே இருந்த சில்லறைகளைப் பார்வையாலேயே ஒதுக்கிவிட்டு, ஒரு பட்டதாரியின் தகுதிக்கேற்ப ஏழில் தொடங்கினாள். ஐந்நூற்று ஐம்பத்தேழு வரை, பகா எண்களால் மட்டும், தொண்ணூற்றொன்பது வகுத்தல்கள். ஒவ்வொன்றிலும் மீதி நின்றது. அதற்கு மேல் போகத் தேவையில்லை என்பது அறிவியல். ஆகவே 314187 பகா எண், யாருக்கும் வளையாதது. தன்னைப் போலவே என்று தபீதாள் நினைத்துக்கொண்டாள். அவளை வளைக்க யாரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் துளசிங்கம் டியூட்டோரியலில் கணக்கு டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு. மூன்று வருடத்தில் வந்த ஒரே அழைப்பு. கடைசி பெஞ்சில் பிரின்சிபால் துளசிங்கமும் இரண்டு எம்.எஸ்ஸி. ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தபீதாள் எண்ணை எழுதி, அது பகா எண் என்ற உண்மையைக் கரும்பலகையிடம் தெரிவித்தாள். மூவரும் கம்பீரமாகத் தலையாட்டினார்கள்.

"எத்தினி தபா வகுத்தம்மா?" என்றார் துளசிங்கம்.

"தொண்ணூத்தொம்பது, சார்."

"இன்னா பொறுமை பாத்தியா யேசுதாசா!"

"ரொம்ப அட்வான்ஸ்டு மேத்ஸ், சார்," என்றார் எம்.எஸ்ஸி.களில் மூத்தவரான யேசுதாசன்.

அங்கேயே தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. திங்கட்கிழமை முதல் வேலை. கூடவே, ஸ்டேஷன் ரோட்டுச் சுவரில் ஆளுயர எழுத்தில் விளம்பரம்: 'யாராலும் வகுக்க முடியாத 314187! யாராலும் வெல்ல முடியாத துளசிங்கம் டியூட்டோரியல்!'

தபீதாளின் மனக்கண்ணில் அந்தச் சுவர் தெரிந்தது. ரயிலுக்கு ஓடும் அண்ணன் தெரிந்தான். நிற்பான். கூட்டுவான். இருபத்துநாலு.

இருபத்துநாலு என்று அவள் உதடும் முதல்முறையாகச் சொல்லிப் பார்த்தது. சாக்பீஸ் கைதவறி விழுந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை அவளுக்கு. அந்தத் துறையில் அவளுக்கு இருபத்துமூன்று வருட அனுபவம் உண்டு.

"இன்னாம்மா, எதுனா சொல்லணுமா?"

தபீதாள் திரும்பினாள். இந்தத் தடவை கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"அஞ்சாங்கிளாஸ் பாடம், சார். படிச்சவங்க நாலு பேர் இருக்கோம், ஒருத்தரும் கூட்டிப் பாக்கல. இது மூணால வகுபடும்."