செங்காரிக்கு வாழ்க்கைப்பட்டவர்

மன்னார்ப் பக்கத்தில் சொந்த மனைவியின் பிறந்தநாள் தெரியாமல், மாட்டின் பாட்டி, பூட்டி பெயர்வரை தெரிந்த ஒரே மனிதர் எங்கள் கொம்பர்தான். ஊருக்கு அவர் கொம்பர். எனக்கு மனுசன். அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆகவே நானும் கொம்பர் என்றே எழுதுகிறேன்.

முருங்கன் ஊருக்கு இந்தப் பக்கம் எந்த மாட்டுக்கும் ஒரு பார்வையில் சாதகம் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுப் பிலோமினா கன்றை இழுத்துக்கொண்டு வருவாள்.

"கொம்பரண்ணை, இதுக்குத் தேப்பன் ஆர்?"

"சூசையின்ர வெள்ளை நாம்பன். காதைப் பார், அது பொய் சொல்லாது."

எங்கள் மகள் பிறந்தபோதும் இப்படித்தான். ஆசுப்பத்திரியில் பிள்ளையைத் தூக்கிக் காதைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், குதிக்காலைத் தடவினார். "நல்ல இனம்" என்றார். தாதிப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவருக்கும் எனக்கும் நடுவில் நின்றவள் செங்காரி. அவர் என்னைப் பெண்பார்க்க வந்த அன்றே அது தொடங்கிவிட்டது. நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தால் கதிரை வெறுங்கதிரை. மாப்பிள்ளை எங்கள் மாட்டுக்கொட்டிலில். தேத்தண்ணி ஆறிப்போன பிறகுதான் வந்தார். வந்து என் ஐயாவிடம் கேட்டார்:

"பொம்பிளை சரி. அந்தச் சிவப்பு நாகு மாட்டையும் சீதனத்தில தருவியளோ?"

ஐயா ஓம் என்றுவிட்டார். அந்த நாகுதான் செங்காரி. இந்த மனுசன் கட்டியது என்னையா, மாட்டையா என்ற கேள்வி அன்றைக்கே என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருசம் வரவில்லை.

மாடு என்றால் ஒரு நாள் செத்துப்போகும்தானே என்று பொறுத்திருந்தேன். செத்தது. ஆனால் அதன் மகளுக்கும் செங்காரி என்று பெயர் வைத்தார். பேத்திக்கும் அதே பெயர். வேறு பெண்களுக்கு ஒரு சக்களத்தி என்றால் எனக்குப் பரம்பரை பரம்பரையாகச் சக்களத்தி.

சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடியபோது நான் மாதா சுரூபத்தைத் தூக்கினேன், அவர் செங்காரிக் கன்றைத் தூக்கினார். வழியில் மழை பிடித்தது. கையில் இருந்த ஒரே தறப்பாளைக் கன்றுக்குப் போர்த்தினார்.

"நான் நனையிறன்" என்றேன்.

"உனக்குத் தலைமுடி இருக்கு" என்றார்.

பிறகு ஊர் திரும்பினோம். அரசாங்க மாட்டுக் கந்தோரிலிருந்து சினை ஊசி போட ஒருவர் வந்தார். வெளிநாட்டு இனம், பால் கொட்டும் என்றார்.

"தம்பி, அந்த மாடு மின்விசிறி கேக்கும். என்ர மாடு பனைநிழல் போதும் எண்டு படுக்கும். இது அசல் எங்கட நிலத்து மாடு. கலக்க விடமாட்டன்."

எங்கள் வீட்டுக்கே அப்போது மின்விசிறி இல்லை.

போன வருசம் கம்பஸில் மாடுகளைப் பற்றிப் படிக்கும் ஒரு பிள்ளை வந்தாள். மாட்டின் காதில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால், அதன் முன்னோர் விட்ட தடயமெல்லாம் அதற்குள் தெரியுமாம்.

"காட்டு மாட்டைப் பிடிச்சுக் கட்டின காலத்திலயிருந்தே சனம் தெரிஞ்செடுத்துத்தான் வளத்தது, அம்மா. முட்டுறதைக் கழிச்சு, சாதுவானதை வச்சிருந்து, அப்பிடித்தான் வீட்டு மாடு வந்தது" என்றாள்.

இந்த வீட்டில் இத்தனை வருசமாக முட்டாமல் இருப்பவள் நான். என்னிடம் ஒருவரும் இரத்தம் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து முடிவோடு வந்தாள். கொம்பர் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பிலோமினாவும் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"ஐயா, உங்கட மாடெல்லாம் ஒரே தாய்வழி. அதில சந்தேகமில்லை."

கொம்பர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

"ஆனா எல்லாத்திலயும் சீமை மாட்டு இரத்தமும் கொஞ்சம் கிடக்கு."

"என்ர மாட்டிலயோ? ஒரு ஊசி போட்டதில்லைப் பிள்ளை!"

"இது பழைய கலப்பு ஐயா, துண்டு துண்டாச் சிதறிக் கிடக்கு. எல்லா மாட்டிலயும் கிடக்கிறதால, முதல் வந்த தாயிலயே இருந்திருக்கும்."

முதல் வந்த தாய் என் சீதன நாகு. எங்கள் ஐயா வீட்டுப் பக்கம் முன்பு ஒரு சீமை மாட்டுப் பண்ணை இருந்தது. அதன் வேலி அவ்வளவு நல்ல வேலி இல்லை.

பிலோமினா விடுவாளா? "கொம்பரண்ணை, சீமைச் செங்காரி சுகமோ? இங்கிலீசிலயோ கத்துறவ?"

அன்று அவர் சாப்பிடவில்லை. நான் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன். மீன்குழம்பு என்றுமில்லாத ருசி. சாப்பிட்டு முடிந்ததும் எங்கிருந்தோ ஒரு துணிவு வந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, ஊர் மாடெல்லாம் ஒரு பார்வையில பிரிப்பியள். இதை மட்டும் எப்பிடி விட்டனீங்கள்?"

நிலத்தைப் பார்த்தார். "அண்டைக்கு மாட்டை ஒழுங்காப் பாக்கேல்லை."

"தேத்தண்ணி ஆறுமட்டும் கொட்டிலிலதானே நிண்டனீங்கள்?"

"அதில நிண்டாத்தான் குசினி யன்னல் தெரிஞ்சது. நீ அதுக்குள்ள நிண்டனி."

நான் விடவில்லை. "அப்ப நாகை ஏன் கேட்டனீங்கள்?"

"அவ்வளவு நேரம் கொட்டிலுக்க நிண்டிட்டு, உன்ர ஐயாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் இந்த வீட்டுக் கொட்டிலுக்குப் போனேன். அதை அவர்தான் தன் கையால் கட்டினார். ஊருக்குத் திரும்பி வந்து வீட்டைத் திருத்த முதல், அதைத்தான் கட்டினார் என்று எனக்கு வயிற்றெரிச்சல். எந்த நேரமும் அவர் நிற்கும் இடத்தில், செங்காரிக்குப் பக்கத்தில், போய் நின்று பார்த்தேன்.

நேரே என் குசினி யன்னல்.