கொள்ளு சார் கேட்ட பச்சைக் கொள்ளு

கோயமுத்தூர் ஜில்லாவில் கொள்ளுக்காகக் கண்ணீர் விட்ட ஒரே மனிதர் எங்கள் கொள்ளு சார்தான். சூலூர்ப் பக்கம் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் அவர் டெக்னீஷியன். கேன்டீனில் கொள்ளு ரசம் வைத்தால் எட்டிப் பார்த்து, "எத்தனை புத்திசாலி இது! கொதிக்க வெச்சுப்போட்டீங்களே!" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

விளக்கம் கேட்டவர் தொலைந்தார். "ஏனுங்க, ரத்த அணு மேலெல்லாம் சர்க்கரை ஒட்டீட்டிருக்குதுங்க. பச்சைக் கொள்ளுல ஒரு புரதம் இருக்குது, சூடு பட்டாக் கெட்டுப்போகும். அதுக்குன்னு ஒரு சர்க்கரை. ஏ குரூப்புல ரெண்டு வகைங்க. ஏ-ஒன் ரத்தத்துல அந்தச் சர்க்கரை நெருக்கமா இருக்கும். கொள்ளு கப்புனு புடிச்சு அணுவையெல்லாம் கட்டி கட்டியாக்கிப்போடும். ஏ-டூவுல கம்மி. கொள்ளு சீந்தாதுங்க!" டீ ஆறிவிடும், அவர் ஓயமாட்டார்.

ரத்தம் சோதிக்க அந்தக் கொள்ளுச் சாறு சிறு புட்டியில் விலைக்கு வரும். அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, 'கொள்ளுக்கெல்லாம் ஆர்டரா?' என்று சிரித்தேன். அப்புறம் ஆர்டர் போட மறந்தே போனேன். அடுத்த வாரம் என் மனைவிக்கு ஆபரேஷன். ஏ குரூப்தான். ஆனால் வங்கியிலிருந்த எந்த ஏ ரத்தமும் அவளுக்குச் சேரவில்லை. ஓ குரூப் கையிருப்பில் இல்லை.

"அம்மணி ஏ-டூவா இருக்கோணுங்க. அதுல சிலருக்கு ஏ-ஒன் சேராது. ஏ-டூ ரத்தம்தான் வேணும். சோதிக்கோணும், அந்தப் புட்டி எங்கீங்க?" என்றார் கொள்ளு சார்.

வெட்கத்தில் செத்தேன். அவர் திட்டவில்லை. "ஊட்டுல கொள்ளு இருக்குதுங்களா? எடுத்தாங்க."

பைக்கில் பறந்து டப்பாவோடு வந்தேன். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"வறுத்துப்போட்டீங்களே!"

மறுபடி ஓடி, மளிகைக் கடையில் பச்சைக் கொள்ளு வாங்கி வந்தேன். அரைத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை எடுத்தார். மனைவியின் ரத்தத் துளி அந்தச் சாற்றில் கட்டியாகவில்லை. ஏ-டூவேதான். ரத்தம் கொடுக்க மார்தட்டி வந்த என் மச்சான்கள் மூவரும் ஏ குரூப்; மூவரின் துளியும் கட்டி கட்டியானது. மூவருமே ஏ-ஒன்.

மிச்சமிருந்த ஏ குரூப் கொள்ளு சார் மட்டுமே. ஊரையே குத்தியவர், பள்ளி நாளில் ஏ என்று பார்த்ததோடு சரி; ஊசிக்குப் பயந்து ஏ-ஒன்னா ஏ-டூவா என்று தன் ரத்தத்தைச் சோதித்ததே இல்லையாம்! கண்ணை இறுக மூடி விரலை நீட்டினார். அவர் துளி கட்டியாகவில்லை. மற்ற சோதனைகளும் முடிந்தன, அவர் ரத்தம் என் மனைவிக்குச் சேர்ந்தது. கட்டிலில் படுத்தவர், "மெதுவாங்க... ஐயோ, மெதுவாங்க!" என்று ஆஸ்பத்திரியே அதிர அலறினார். ஊசி இன்னும் டிரேயில்தான் இருந்தது.

அவர் ரத்தம் ஏறி, மனைவி நலமாக வீடு வந்தாள். எனக்கு எத்தனை மச்சான்கள் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நாலு என்றுதான் சொல்கிறேன்.