சந்தனம் வைத்த சாக்கெட்

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்திலுள்ள எல்லா சாஃப்ட்வேரும் அத்துப்படி என்று நம்பும் மாமனார்கள் இருக்கிறார்கள். என் மாமனாரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கையைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவனே நான்தான்.

மனைவியின் தங்கையைப் பெண் பார்க்கப் பையன் வீட்டார் கோவையிலிருந்து விமானத்தில் வருவதாக இருந்தது. "நாலு மணிக்கு நானே கார்ல வந்து கூட்டிட்டு வர்றேன்" என்று பையனின் அப்பாவுக்கு மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று காலை பார்த்து அவருடைய பழைய டீசல் கார் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டிவிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மாட்டேன் என்றது.

சேலையூர் மெக்கானிக் கையை விரித்தார். "இன்னா கோளாறுனு கம்ப்யூட்டர்ல பார்த்தாதான் சார் தெரியும். என்து புட்டுக்கிச்சு. கேபிளும், பென் டிரைவ்ல பழைய சாஃப்ட்வேரும் கீது."

"அவ்ளோதானே, நான் போட்டுத் தர்றேன்" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே?)

மனைவியின் லேப்டாப்பைத் தூக்கி வந்தேன். சாஃப்ட்வேர், தன் காலம் முடிந்துவிட்டது என்றது. லேப்டாப்பின் தேதியைப் பன்னிரண்டு வருடம் பின்னால் தள்ளினேன். ஆன்டிவைரஸ் அலறியது, அதன் வாயை அடைத்தேன். கடைசியில் சாஃப்ட்வேர் திறந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் கையால் தடவிக் கேபிளை அழுத்திச் சொருகினேன். ஆனாலும் வண்டியோடு பேச முடியவில்லை என்றது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஐந்து தடவை போட்டேன். ஐந்து தடவையும் அதே பதில்.

மாமனார் கஞ்சி போட்ட வேட்டியில், ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். "எங்க மாப்ள சாஃப்ட்வேர்ல பெரிய ஆளு" என்று மெக்கானிக்கிடம் இரண்டு முறை சொன்னவர், மூன்றரைக்கு மேல் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் மெக்கானிக் டார்ச்சோடு ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்தார்.

"சார், கேபிள் சொருகுற சாக்கெட்ல யாரு சந்தனம் அப்புனது?"

அதற்கு முந்தைய ஆயுத பூஜைதான் எனக்குத் தலை ஆயுத பூஜை. புது மாப்பிள்ளை என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்கள். ஸ்டீயரிங், கியர், நான்கு கதவு எல்லாவற்றுக்கும் வைத்தும் மீதி இருந்தது. அடியில் ஒரு பள்ளம் தெரிந்தது, நிரப்பிவிட்டேன். (மேலே குங்குமமும்.)

மெக்கானிக் ஊக்கால் சுரண்டி எடுத்தார். கேபிளை மறுபடி சொருகியதும் சாஃப்ட்வேர் கோளாறைச் சொல்லிவிட்டது. ஒரு சென்சார் வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். அதை மாட்டிவிட்டு வீடு போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. அதற்குள் அவர்கள் இரண்டு ஆட்டோ பிடித்து வந்து, பஜ்ஜியையும் முடித்திருந்தார்கள். வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்த மாமனாரை, பையனின் அப்பா எழுந்து நின்று, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று அவர் வீட்டிலேயே வரவேற்றார்.

கதையைக் கேட்டு அதிகமாகச் சிரித்தது பையன்தான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமானது. இப்போது ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் அந்தப் புது மாப்பிள்ளையிடம்தான் போகிறது, எனக்கு மணி ஆட்டும் வேலை. போன மாதம் வீட்டில் வைஃபை நின்றுபோனது. மாமனார் மோடம் பக்கமே போகவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"மாப்ள, இதுல எங்க வச்சீங்க?"