மைக்கம்மாவின் வாசல் பாட்டு

ஐந்தாவது சனிக்கிழமையும் மைக்கம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வாசல் என்றால் கணினித் திரைதான். கடல்களுக்கு அப்பால் ஹவாய்த் தீவில் இருந்த ஆசிரியை ஒருவர், திரை வழியே ஹூலா நடனம் கற்றுக்கொடுத்தார். அவர் வகுப்பில் ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் அந்த ஊர் மொழியில் ஒரு பாட்டைப் பாடி, உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். ஆசிரியை பதில் பாட்டுப் பாடினால் ஓரடி முன்னால் வந்து ஆடலாம். இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

மைக்கம்மா ரயில் நிலைய அறிவிப்பாளர். இருபத்தாறு வருடமாக ஊரையெல்லாம் ரயிலேற்றி அனுப்பியவர், தாம் மட்டும் நாற்காலியை விட்டு அசைந்ததில்லை. கையாலேயே மழையும் அலையும் காட்டும் அந்த ஆட்டத்தைப் பார்த்ததும், ஐம்பத்து மூன்று வயதில் கால் துறுதுறுத்தது. பாட்டை ஒரே வாரத்தில் குறில் நெடில் பிசகாமல் நெட்டுருப் போட்டுவிட்டார்.

முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு விடாமல் மூன்று தரம் பாடினார். கண்ணைத் திறந்தால், மற்ற எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

குரல் எட்டவில்லையோ என்னவோ என்று வீட்டுக்காரர் சொல்லிவைத்தார். ரயிலையே நிறுத்தும் குரலைப் பார்த்தா அந்தப் பேச்சு? அன்று அவருக்குச் சாப்பாடு மேசைமேல் இருந்தது, பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டாவது வாரம் குரலை உயர்த்தி ஐந்து தரம் பாடினார். யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று மாடிவீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். மூன்றாவது வாரம் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் தொண்டை கட்டும்வரை பாடினார். பதில் இல்லை. கணினியைப் படீரென்று மூடினார். ஆசிரியையிடமிருந்து வந்த மின்னஞ்சல்களை ரோஷத்தில் திறக்கவே இல்லை.

நான்காவது வாரம் அறிவிப்பு அறையிலேயே பயிற்சி செய்தார். மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்தார். அணையவில்லை. ஏதோ நடைமேடை மாற்ற அறிவிப்பென்று இரண்டாம் நடைமேடையில் இருந்த அத்தனை பேரும் பெட்டி படுக்கையோடு மூன்றாம் நடைமேடைக்கு ஓடினார்கள். நிலைய மேலாளர் விளக்கம் கேட்டார். 'நான் எந்த நடைமேடை எண்ணையும் சொல்லவில்லை. பயணிகள் தாமாகவே ஓடினார்கள்' என்று எழுதிக் கொடுத்தார் மைக்கம்மா.

ஐந்தாவது வாரம் ஒன்பது தரம் பாடியும் பதில் இல்லை என்றதும் பொறுமை போயிற்று. புகார்க் கடிதம் தட்டச்சு செய்ய நாத்தனாரை வரவழைத்தார். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர், ஒரு சொல் விடமாட்டாள். ஆதாரம் வேண்டுமே என்று, கணினியில் தானாகவே பதிவாகியிருந்த ஐந்து வகுப்புகளையும் போட்டுக் கொடுத்தார். அவள் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டாள். மைக்கம்மா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"கேட்டுட்டு உள்ள வர்றது மரியாதைதான், ஒத்துக்கறேன். கேட்டவளுக்கு ஒரு பதில் சொல்றது மரியாதை இல்லையா? என்னை என்ன, வழியில போறவள்னு நினைச்சாங்களா? எழுது, இதையும் எழுது."

நாத்தனார் எழுதவில்லை. ஐந்தையும் கடைசிவரை கேட்டு முடித்து, ஒலிக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அண்ணி, மத்தவங்களுக்குப் பாடின அதே பதில் பாட்டை அந்தம்மா அஞ்சு வாரமும் உங்களுக்குப் பாடியிருக்காங்க. நீங்க கொஞ்சம் நிறுத்தினாதானே காதுல விழும்."