சோறு மட்டும் வேணாம்

"ரெண்டு சாப்பாடா?" என்று சர்வர் கோதண்டராமன் இலையும் கையுமாக வந்து நின்றதும் பஞ்சாட்சரத்துக்குப் பகீரென்றது.

"மொதல்ல அந்த இலைய அப்பால எடு," என்றார்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் சைவ ஓட்டல். மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஆம்பூரிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்திருந்தார் பஞ்சாட்சரம். எதிரே உட்கார்ந்திருந்தவர் அரக்கோணம் லோகநாதன். போன வாரம் பஸ்ஸில் பழக்கமானவர். அவருக்குப் பூரணி என்று ஒரு மகள் இருக்கிறாளாம், ஜாதகம் பையில் இருக்கிறதாம், டிபனுக்கு அப்புறம் எடுக்கிறாராம்.

பஸ்ஸில் பழகினவனை நம்புகிற ஆள் இல்லை பஞ்சாட்சரம். பேச்சு முடிவதற்கு முன்னால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்றால் சம்மதம் என்று ஆகிவிடும். பிறகு பின்வாங்கினால் ஊரே காறித் துப்பும். சோற்றைப் போட்டே ஆளை மடக்கின கதை அவருக்கு ஒன்பது தெரியும்.

ஆனால் இடம் கைவிட்டுப் போகவும் கூடாது. மகன் தனசேகருக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. முப்பத்திரண்டு வயசு. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் காபி கொடுத்த கையோடு ஜன்னலைத் திறந்து விட்டார்கள்.

அதனால் பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிபன் கணக்கில் வராது, ஆளுக்கு ஒரு வடையைத் தின்றபடி பேசலாமே என்றார். லோகநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. முறை என்றால் முறைதான் என்று சொல்லி, வடைக்குத் துணையாகப் போண்டாவும் கேட்டார்.

வடை சாம்பாரில் மிதந்து வந்தது. பஞ்சாட்சரம் யோசிப்பதற்குள் லோகநாதனே தட்டைத் தள்ளினார்.

"சாம்பாரு சோத்தோட ஆளுங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

காய்ந்த வடை வந்தது. அது தொண்டையில் நின்றது. அதை இறக்கத் தயிர்வடை. தயிரும் சாப்பாட்டில் கடைசியாக வருவதுதானே என்று பஞ்சாட்சரத்துக்கு உறுத்த, தயிரை வழித்து ஓரமாக வைத்துவிட்டு வடையை மட்டும் தின்றார்கள். பசி அடங்கவில்லை. கோதுமை தின்றால் சம்மதம் ஆகாது என்று பூரி வந்தது. இட்லியில் பாதிதான் அரிசி என்றார் சர்வர். அப்படியானால் பாதிச் சம்மதமா என்று பஞ்சாட்சரம் சீறினார். அதற்குப் பதிலாக ரவா இட்லி வந்தது. அதன் பின்னால் பஜ்ஜி, கேசரி, சுண்டல்.

மேஜை நிறைந்து, தட்டுகள் பக்கத்து மேஜைக்கும் போயின. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் இலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பதினேழு தட்டு ஆகியும் இரண்டு பேரும் இன்னும் சாப்பிடவில்லை.

பையனுடைய வாசனையைப் பற்றி மெல்ல எடுத்தார் பஞ்சாட்சரம். மறைத்துக் கட்டி வைத்தால் நாளைக்கு வம்பு.

லோகநாதன் பஜ்ஜியைக் கீழே வைக்காமலே சொன்னார். "தோல் நாத்தம் சோப்பு போட்டா போய்டும். மனுசன் நாறினா எந்த சோப்புல போவும், சொல்லுங்க."

பஞ்சாட்சரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரமாகப் பார்க்கிறார். ஒரு பருக்கை அரிசியைத் தொட்டானா இந்த மனுஷன்? வயிறு காய்ந்தாலும் முறை தவறாத குடும்பம். இவனையா சந்தேகப்பட்டோம்?

"இன்னாப்பா, ரெண்டு இலை போடு," என்றார் சர்வரிடம். "எங்களுக்குச் சம்மதம்."

லோகநாதனின் வாய்க்குள் பஜ்ஜி அப்படியே நின்றது. கை கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி, பையோடு எழுந்து போனார்.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. ஆவி அடங்கி, சோறு ஆறியும் போனது. சம்பந்தி வராமல் கை வைப்பது மரியாதை இல்லை என்று பஞ்சாட்சரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் சர்வரைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி எங்கப்பா? பொண்ணு ஜாதகம் அவராண்டதான் இருக்குது."

கோதண்டராமன் பதினேழு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"வாராவாரம் ஒரு மாப்பிள்ளையோட அப்பாவ இட்டுனு வருவாரு, இலை போட்டா எழுந்து போய்டுவாரு. அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவல, பெரியவரே."